வாடகை நேரத்தில் பிறந்த வானொலி: சான் அந்தோனியோவின் ஸ்பானியக் குரல்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறது சான் அந்தோனியோ நகரம். 1946ஆம் ஆண்டு அங்கே மத்திய அலை 1350இல் ஒரு புதிய வானொலி நிலையம் ஒலிக்கத் தொடங்கியது. அதன் பெயர் கே.சி.ஓ.ஆர். ஊரில் அதற்கு முன்பே வானொலி நிலையங்கள் இருந்தன. அவற்றில் ஸ்பானிய மொழியும் அவ்வப்போது கேட்டது. ஆனால், முழு நேரமும் ஸ்பானிய மொழிக்கென்றே, அந்த மொழியைப் பேசும் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரே உரிமம் பெற்று நடத்திய நிலையம் அமெரிக்காவில் அதுதான் முதல்.

அந்த ஒருவர் ரவூல் கோர்ட்டெஸ். மெக்சிகோவின் வெராகுரூஸ் மாநிலத்தில் 1905இல் பிறந்தவர். நிலையத்தின் பெயரில் உள்ள கடைசி மூன்று எழுத்துகள் அவருடைய குடும்பப் பெயரின் முதல் மூன்று எழுத்துகள்தாம். கே என்ற முதல் எழுத்து மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே உள்ள அமெரிக்க நிலையங்களுக்குப் பொதுவாகக் கொடுக்கப்படுவது.

கோர்ட்டெஸ் இந்த உரிமத்தை எப்படிப் பெற்றார் என்பதைப் புரிந்துகொள்ள, அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னால் போக வேண்டும்.

யாரும் கேட்காத நேரம்

1920களில் அமெரிக்காவில் வணிக வானொலி பரவியபோது, நிலையங்களின் உரிமையாளர்கள் எல்லாரும் ஆங்கிலம் பேசுபவர்கள். நிலையம் வைத்திருப்பவருக்கு நாள் முழுவதும் செலவு உண்டு. வருமானமோ மாலையிலும் முன்னிரவிலும்தான். ஆங்கில நிகழ்ச்சிக்கு விளம்பரம் தர யாரும் முன்வராத அதிகாலையும் நள்ளிரவும் வீணாகப் போயின. இந்த வீண் நேரத்தைத்தான் அவர்கள் ஸ்பானியம் பேசும் தரகர்களுக்கு மொத்தமாக விற்றார்கள்.

தரகர் என்றால் இங்கே சற்று வேறு பொருள். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று நிலையத்துக்குப் பணம் கட்டிவிடுவார். பிறகு மளிகைக் கடை, மருந்துக் கடை, துணிக் கடை என்று தெருத் தெருவாக ஏறி இறங்கி விளம்பரம் பிடிப்பார். அந்த விளம்பரத்தைத் தம் குரலிலேயே வாசிப்பார். பாட்டுக்காரர்களைத் திரட்டி வருவதும், மரண அறிவித்தல் சொல்வதும், வேலை எங்கே கிடைக்கும் என்று சொல்வதும் அவரே. கட்டிய பணத்துக்கு மேல் கிடைத்தால் இலாபம், இல்லையென்றால் கைநட்டம்.

இப்படித்தான் ஒரே நிலையம் பகலில் ஆங்கிலமும் விடிவதற்கு முன் ஸ்பானியமும் பேசியது. இருமொழி வானொலி என்று யாரும் திட்டமிட்டு உருவாக்கியதல்ல அது. விற்காமல் கிடந்த நேரத்தின் விலைதான் அதை உருவாக்கியது.

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் இந்த முறையில் பெரும் புகழ் பெற்றவர் பெட்ரோ கொன்சாலெஸ். மெக்சிகோ புரட்சித் தலைவர் பாஞ்சோ வில்லாவின் படையில் தந்தி அனுப்புபவராக இருந்தவர். பர்பேங்க் நகரின் கே.இ.எல்.டபிள்யூ. நிலையத்தில் அவர் வாங்கிய நேரம் காலை 4 மணி முதல் 6 மணி வரை. அவருடைய பாட்டுக் குழுவுக்குப் பெயரே 'லோஸ் மத்ருகதோரெஸ்', அதாவது விடியுமுன் எழுகிறவர்கள். ஆங்கிலேய முதலாளி பயனற்றது என்று நினைத்த அந்த நேரம், வயலுக்கும் தொழிற்சாலைக்கும் போகும் மெக்சிக்கத் தொழிலாளி எழுந்து அடுப்பு மூட்டும் நேரம். தோட்டத்தில் பெரட்டுக்குக் கிளம்பிய தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தச் செல்வாக்கே கொன்சாலெஸுக்கு வினையானது. 1930களின் பொருளாதார மந்தத்தில் பல இலட்சம் மெக்சிக்கர்கள் அமெரிக்காவைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அதை எதிர்த்து அவர் வானொலியில் பேசினார். 1934இல் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டுச் சான் குவென்டின் சிறைக்கு அனுப்பப்பட்டார். குற்றம் சாட்டிய பெண் பின்னர் தன் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றும் அவர் உடனே விடுதலையாகவில்லை. 1940இல் வெளியே விட்டதும் மெக்சிகோவுக்கு நாடு கடத்தினார்கள்.

வாடகை நேரத்தில் பேசுகிறவரின் நிலை அவ்வளவுதான். ஒலிவாங்கி அவருடையதல்ல.

மூன்றரை டாலர் சம்பளம்

சான் அந்தோனியோவிலும் இதே முறைதான். நகரின் மேற்குப் பகுதி மெக்சிக்கர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். பெக்கான் என்னும் ஒருவகைக் கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் கொட்டகைகளில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். பெரும்பாலும் பெண்கள். ஒரு பவுண்டு பருப்புக்கு ஆறேழு காசு கூலி. அதையும் குறைத்தபோது 1938இல் ஏறத்தாழ 12,000 பேர் வேலை நிறுத்தம் செய்தனர். எம்மா தெனாயுக்கா என்ற 21 வயதுப் பெண் அதற்கு முன்னணியில் நின்றார். தரகர்களின் நேயர்கள் இந்த மக்கள்தாம்.

மானுவேல் கோர்ட்டெஸ் என்பவர் அங்கே ஸ்பானிய நிகழ்ச்சி நடத்திய முன்னோடிகளில் ஒருவர். இவர் வேறு, ரவூல் கோர்ட்டெஸ் வேறு. சந்தைத் திடலில் சில்லறைக் காசுக்குப் பாடிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் பெண்ணை 1930களின் தொடக்கத்தில் அவர் வானொலிக்கு அழைத்து வந்தார். பன்னிரண்டு தந்திக் கிதாரோடு பாடிய அந்தப் பெண்ணின் பெயர் லிடியா மெண்டோசா. நேயர்களிடம் வரவேற்பு பெருகவே, சத்து மருந்து விற்ற ஒரு விளம்பரதாரர் வாரம் 3 டாலர் 50 காசு தர ஒப்புக்கொண்டார். வாடகைக்கும் வழியில்லாதிருந்த குடும்பத்துக்கு அது பெரிய பணம். 1934இல் அவர் பாடிய இசைத்தட்டு டெக்சஸ் முழுக்க விற்றது. 1999இல் அமெரிக்க அரசின் தேசியக் கலைப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. இந்தப் பாதையின் முதல் படி, யாரோ வாடகைக்கு எடுத்த வானொலி நேரம்.

உரிமத்துக்குச் சொன்ன காரணம்

ரவூல் கோர்ட்டெஸ் செய்யாத வேலை குறைவு. ஆண்கள் துணிக் கடையில் கண்ணாடிப் பெட்டிகளை அலங்கரித்தார். பேர்ல் மதுபான நிறுவனத்தில் விற்பனைப் பிரதிநிதியாக அலைந்தார். 'லா பிரென்சா' என்ற ஸ்பானிய நாளிதழில் செய்தியாளராக இருந்தார். சேமித்த பணத்தில் கே.எம்.ஏ.சி. என்ற ஆங்கில நிலையத்தில் நேரம் வாங்கி, பல்சுவை நிகழ்ச்சி நடத்தி, விளம்பரமும் விற்றார். மெக்சிகோவிலிருந்து கலைஞர்களை வரவழைத்து மேடை நிகழ்ச்சிகளும் நடத்தினார். வானொலி நிலையம் நடத்தத் தேவையான எல்லாத் தொழிலும் அவர் கையில் ஏற்கனவே இருந்தது. உரிமம் மட்டும்தான் இல்லை.

1944இல் அவர் விண்ணப்பித்தார். அது இரண்டாம் உலகப் போர்க் காலம். ஆங்கிலம் அல்லாத மொழிகளின் ஒலிபரப்பை அமெரிக்க அரசு சந்தேகக் கண்ணோடு பார்த்தது. எதிரி நாட்டுக்குச் செய்தி போகலாம், எதிரிப் பிரசாரம் நுழையலாம் என்ற அச்சம். அயல்மொழி நிகழ்ச்சிகளின் கையெழுத்துப் படிகள் மொழிபெயர்க்கப்பட்டுக் கண்காணிக்கப்பட்டன. இத்தகைய நேரத்தில் ஒரு முழு நிலையத்தையே ஸ்பானிய மொழிக்குக் கேட்பது எளிதான காரியமல்ல.

கோர்ட்டெஸ் தடையையே காரணமாக மாற்றினார். மெக்சிக்க அமெரிக்கர்களைப் போர் முயற்சிக்குப் பின்னால் திரட்டுவது தம் நிலையத்தின் நோக்கங்களுள் ஒன்று என்று விண்ணப்பத்தில் தெரிவித்தார். அந்தச் சமூகத்தின் இளைஞர்கள் பெருந்தொகையில் அமெரிக்கப் படையில் இருந்த நேரம் அது. அவர்களின் பெற்றோருக்குப் புரியும் மொழியில் பேச ஒரு நிலையம் வேண்டும் என்ற வாதத்தை மறுப்பது அதிகாரிகளுக்குக் கடினம். தந்திரம் என்றும் சொல்லலாம். ஆனால் பொய் அல்ல. உரிமம் கைக்கு வந்து நிலையம் ஒலித்தபோது போர் முடிந்திருந்தது.

'லா வோஸ் மெக்சிகானா', மெக்சிக்கக் குரல் என்பது நிலையத்தின் அடையாள வாசகம். விடியுமுன் மட்டும் கேட்ட மொழி இப்போது பட்டப்பகலிலும் கேட்டது. இரு மொழியும் தெரிந்திருப்பதுதான் இத்தொழிலில் கோர்ட்டெஸின் முதலீடு. ஆணையத்துக்கு எழுதும் கடிதம் ஆங்கிலத்தில். ஒலிவாங்கியின் முன்னால் ஸ்பானியம்.

வகுப்பறைக்குள் ஒரு வழக்கு

கோர்ட்டெஸ் வானொலியோடு நிற்கவில்லை. மெக்சிக்க அமெரிக்கர்களின் பெரிய உரிமை அமைப்பான லுலாக் சங்கத்துக்கு 1948இலும் 1949இலும் தேசியத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தக் காலத்தில் டெக்சஸின் பல ஊர்களில் மெக்சிக்கப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. கட்டடமும் மட்டம், பாடமும் மட்டம். இதை எதிர்த்து மினர்வா டெல்காடோ என்ற மாணவியின் பெயரில் பாஸ்ட்ராப் பள்ளி வட்டாரத்தின் மீது தொடரப்பட்ட வழக்குக்கு லுலாக் துணை நின்றது. 1948இல் நீதிமன்றம் அத்தகைய பிரிவினை சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பில் ஒரு விதிவிலக்கு இருந்தது. ஆங்கிலம் தெரியாத முதலாம் வகுப்புப் பிள்ளைகளை, அதே பள்ளி வளாகத்துக்குள், மொழி கற்பிப்பதற்காகத் தனி வகுப்பில் வைக்கலாம் என்பதே அது. வீட்டு மொழியைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பிரித்துவைக்க அந்த ஒரு சாளரம் போதுமானதாக இருந்தது. பள்ளியில் ஸ்பானியம் பேசினால் தண்டனை என்ற வழக்கமும் டெக்சஸில் நீண்ட காலம் நீடித்தது. பள்ளிகளில் இருமொழிக் கல்விக்கு அம்மாநிலம் சட்டம் இயற்றியது 1973இல்தான். பகலில் வகுப்பறையில் பேசக்கூடாத மொழியை மாலையில் வீட்டு வானொலி பேசியது என்பதை நினைத்துப் பார்த்தால், 1350 என்ற எண் அந்தக் குடும்பங்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்பது புரியும்.

பெட்டியில் தெரியாத தொலைக்காட்சி

1955இல் கோர்ட்டெஸ் இன்னும் ஒரு படி ஏறினார். கே.சி.ஓ.ஆர். தொலைக்காட்சி 41ஆம் ஒளிவரிசையில் தொடங்கியது. மெக்சிகோவிலிருந்து வந்த கலைஞர்கள் அரங்கத்தில் நேரலையாகப் பாடினார்கள், ஆடினார்கள்.

சிக்கல் அந்த 41 என்ற எண்ணில் இருந்தது. அது யு.எச்.எப். எனப்படும் உயர் அலைவரிசை. அக்காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் பெரும்பாலானவை 2 முதல் 13 வரையிலான ஒளிவரிசைகளை மட்டுமே பிடிக்கும். 41ஐப் பார்க்க வேண்டுமானால் தனியாக ஒரு மாற்றுக் கருவி வாங்க வேண்டும். எல்லா ஒளிவரிசைகளையும் பிடிக்கும் பெட்டிகளையே விற்க வேண்டும் என்ற சட்டம் 1962இல்தான் வந்தது. கூலி வேலை செய்யும் குடும்பம் பெட்டியும் வாங்கி, அதற்குமேல் கருவியும் வாங்குவதை நம்பி நடந்த தொழில் அது. விளம்பரதாரர்களோ, இந்த நேயர்களை ஒரு கணக்காகவே எடுக்கவில்லை. கோர்ட்டெஸுக்கு இழப்பு ஏறியது.

1961இல் தொலைக்காட்சி நிலையத்தை விற்றார். வாங்கிய குழுவில் அவருடைய மருமகன் எமிலியோ நிக்கோலஸும் மெக்சிக்கத் தொலைக்காட்சி அதிபர் எமிலியோ அஸ்காராகாவும் இருந்தனர். கே.டபிள்யூ.இ.எக்ஸ். என்று பெயர் மாறிய அந்நிலையத்திலிருந்து கிளைவிட்ட வலையமைப்புதான் 1987 முதல் யூனிவிஷன் என்று அறியப்படுகிறது. கோர்ட்டெஸ் 1971இல் காலமானார். அவர் இழப்போடு கைவிட்ட ஒளிவரிசையின் வாரிசு, அமெரிக்காவின் மிகப் பெரிய ஸ்பானியத் தொலைக்காட்சி ஆனது.

பேரப்பிள்ளைகளின் வானொலி

கோர்ட்டெஸின் நேயர்களுக்கு ஸ்பானியம் போதும். அவர்களின் பேரப்பிள்ளைகளின் கதை வேறு. வீட்டில் பாட்டியிடம் ஸ்பானியம், நண்பர்களிடம் ஆங்கிலம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து. முழு ஸ்பானிய வானொலி அவர்களுக்குப் பெற்றோரின் வானொலியாகத் தெரிந்தது. ஆங்கில வானொலியிலோ அவர்கள் வீட்டு வாசமே இல்லை.

இதை முதலில் கவனித்தது கலாசாரக் காவலர்கள் அல்ல, விளம்பரம் விற்பவர்கள். டெக்சஸின் ஹூஸ்டன் நகரில் கே.எல்.ஓ.எல். என்ற பண்பலை நிலையம் 1970 முதல் ராக் இசையை ஒலிபரப்பி வந்தது. ஊருக்குள் அதற்குத் தீவிர நேயர் கூட்டம் உண்டு. 2004 நவம்பரில் அந்த நிலையம் திடீரென ராக் இசையை நிறுத்தி, 'மெகா 101' என்ற பெயரில் இருமொழி நிலையமாக மாறியது. ஸ்பானிய ரேகேடோன் பாட்டும் ஆங்கில ஹிப் ஹாப் பாட்டும் அடுத்தடுத்து வந்தன. அறிவிப்பாளர்கள் ஒரு வாக்கியத்தை ஸ்பானியத்தில் தொடங்கி ஆங்கிலத்தில் முடித்தார்கள். ஹிஸ்பானிக், அர்பன் என்ற இரு சொற்களை ஒட்டி 'ஹர்பன்' என்று இந்த வகைக்கு ஒரு பெயரும் சூட்டினார்கள். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஒரு நிலையம் இதே வழிக்கு மாறியது.

முந்தைய தலைமுறையில் மொழிகள் மணிக்கணக்கில் பிரிந்திருந்தன. விடியுமுன் ஒன்று, விடிந்த பின் ஒன்று. இப்போது அவை ஒரே மூச்சில் கலந்தன. இதனால் ஸ்பானியம் வளர்ந்ததா, கரைந்ததா என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லை. ராக் நேயர்கள், தங்கள் நிலையம் பறிபோனதாக வருந்தினார்கள். தூய ஸ்பானியம் விரும்பியவர்களுக்கு இந்தக் கலப்புப் பேச்சு நெருடியது. இளைஞர்களுக்கோ, தாங்கள் வீட்டுக் கூடத்தில் பேசுகிற மாதிரியே வானொலியில் ஒருவர் பேசுவது அதுவே முதல் முறை.

2004இல் அந்த நிலையத்தை மாற்றியது கிளியர் சேனல் நிறுவனம். அமெரிக்கா முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வானொலி நிலையங்களை அப்போது அது வைத்திருந்தது. அதன் தலைமை அலுவலகம் இருந்த ஊர் சான் அந்தோனியோ.