பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா?

உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்தைச் சிறியதாக எழுதிவிட்டால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். ஆனால், அது உங்கள் பெயர்தானா என்ற சந்தேகம் அவருக்கு வராது. சில கணிப்பொறிகளுக்கோ அந்தச் சந்தேகம் வந்துவிடும்!

எங்கள் கல்லூரிக் கண்காட்சிக்காக ஒரு மாணவி சூரியக் குடும்பத்தைப் பற்றி ஓர் இணையப் பக்கம் தயாரித்தார். அவர் வீட்டில் இருந்தது விண்டோஸ் கணிப்பொறி. அதில் எல்லாப் படங்களும் தெரிந்தன. கல்லூரியின் லினக்ஸ் கணிப்பொறியில் ஏற்றியதும் சூரியனைக் காணோம்! தேடிப் பார்த்தோம். படக் கோப்பின் பெயர் பெரிய 'எஸ்' எழுத்தில் தொடங்கியது. பக்கத்திலோ அவர் சிறிய 'எஸ்' போட்டிருந்தார். ஓர் எழுத்தை மாற்றியதும் சூரியன் உதித்தது.

இது ஏன்? கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஆஸ்கி முறையில் பெரிய 'ஏ'யின் எண் 65. சிறிய 'ஏ'யின் எண் 97. இரும எண்களில் இவை 1000001, 1100001. ஒரே ஓர் இலக்கம்தான் வேறுபாடு!

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-ல் உருவாகத் தொடங்கிய யூனிக்ஸ், எண் வேறானால் பெயரும் வேறு என்று கொண்டது. லினக்ஸும் அவ்வழியே செல்கிறது. 1981-ல் வந்த எம்.எஸ்.டாஸ் எல்லாப் பெயர்களையும் பெரிய எழுத்துக்களாகவே மாற்றி வைத்தது. இன்றைய விண்டோஸும் மேக்கும் பொதுவாக நாம் எழுதியபடியே பெயரைச் சேமிக்கின்றன. ஆனால் ஒப்பிடும்போது பெரியது, சிறியது பார்ப்பதில்லை.

எது சரி? விண்டோஸ் வழி மனிதருக்கு எளிது. ஆனால் மொழிக்கு மொழி விதி மாறுமே! துருக்கி மொழியில் புள்ளியுள்ள 'ஐ', புள்ளியில்லாத 'ஐ' என இரண்டு உண்டு. புள்ளியுள்ளதன் பெரிய எழுத்துக்கும் புள்ளி உண்டு. ஆங்கில விதி அங்கே செல்லாது.

இந்த வேறுபாடு ஆபத்தாகவும் முடியலாம். நிரல் எழுதுவோர் தங்கள் மாற்றங்களைப் பதிவு செய்யப் பயன்படுத்துவது 'கிட்' என்ற மென்பொருள். தன் அமைப்புகளை வைத்திருக்கும் கோப்புறைக்குள் வெளியார் கோப்புகள் நுழையாதபடி அது காவல் காத்தது. அந்தப் பெயரில் ஓர் எழுத்தைப் பெரிதாக்கினால் அது வேறு பெயர் என்று விட்டுவிட்டது. விண்டோஸுக்கும் மேக்குக்குமோ இரண்டும் ஒன்றே! தீயவர்கள் இவ்வழியே பிறர் கணிப்பொறியில் தங்கள் கட்டளைகளை இயக்க முடியும் என்று தெரிந்ததும், 2014 டிசம்பரில் இந்த ஓட்டை அடைக்கப்பட்டது.

தமிழில் பெரிய எழுத்து இல்லை, ஆகவே நமக்குத் தொல்லை இல்லை என்கிறீர்களா? பொறுங்கள். யூனிகோடு முறையில் 'கொ' என்பதைக் 'க'வுடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். லினக்ஸோ இரண்டையும் வெவ்வேறு கோப்புகளாக வைத்துக்கொள்ளும். கண்ணுக்கு ஒன்று, எண்ணுக்கு இரண்டு!

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே கோப்புறையில், முதல் எழுத்து மட்டும் பெரியதும் சிறியதுமாக மாறும் இரு ஆங்கிலப் பெயர்களில் கோப்புகளை உருவாக்க முயலுங்கள். உங்கள் கணிப்பொறி எந்தக் கட்சி என்பது உடனே தெரிந்துவிடும். எந்தக் கட்சியானாலும், ஆங்கிலப் பெயர்களை எப்போதும் சிறிய எழுத்துக்களிலேயே எழுதிப் பழகுங்கள். உங்கள் சூரியன் எங்கும் மறையாது.