கழுத்தில் கட்டும் நெறி

காலில் முள் தைத்துச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதை நீங்கள் அறிவீர்கள். உடலெங்கும் ஓடும் நிணநீர், அவரை விதை போன்ற சிறு கணுக்களில் வடிகட்டப்படுகிறது. கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் முயற்சியில் அக்கணுக்கள் வீங்குகின்றன. நாவிலும் தொண்டையிலும் தோன்றும் புற்றுநோயும் இவ்வழியையே பின்பற்றுகிறது. அதன் உயிரணுக்கள் நிணநீரோடு இறங்கிக் கழுத்துக் கணுக்களில் தங்கி வளர்கின்றன. ஆனால் ஒரு வேற்றுமை: முள் தைத்த நெறி வலிக்கும், இது தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லாத கட்டியை யார் பொருட்படுத்துகிறார்கள்? மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண்ணையும், கரையாத கழுத்துக் கட்டியையும் மருத்துவரிடம் காட்டியே தீரவேண்டும்.

நாவின் புண்ணை மட்டும் அறுத்தெடுத்த காலத்தில், கழுத்தில் தங்கிய நோய் பலரை மாய்த்தது. அமெரிக்காவின் கிளீவ்லண்டு நகரத்து மருத்துவர் ஜார்ஜ் கிரைல், 132 அறுவைகளின் அனுபவத்தை 1906ஆம் ஆண்டில் வெளியிட்டார். கணுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கலாகாது. அவை புதைந்துள்ள கொழுப்போடு, தாடை முதல் காறையெலும்பு வரை ஒரே தொகுதியாக எடுத்துவிடவேண்டும் என்பது அவர் கொள்கை. கழுத்தின் பக்கத்துப் பெருந்தசையும், தலையிலிருந்து குருதியை இறக்கும் பெருஞ்சிரையும் அத்தொகுதியோடு சென்றன. 1951இல் நியூயார்க்கின் ஹேய்ஸ் மார்ட்டின் இம்முறையை விரிவாக வகுத்து நிலைநாட்டினார். அதில் தோளைத் தூக்கும் நரம்பும் தப்பவில்லை.

உயிர் பிழைத்தவருக்குத் தோள் சரிந்தது. சட்டைக்குள் கை நுழைப்பதும் பரணிலிருந்து பாத்திரம் எடுப்பதும் அரிதாயின. கரும்பலகையின் முதல் வரியில் எழுதமுடியாத ஆசிரியர் படும் துன்பத்தை என்னால் எளிதில் உணரமுடிகிறது.

அர்ஜென்டீனாவின் ஒஸ்வால்டோ சுவாரெஸ் 1963இல் வேறு வழி காட்டினார். தசையையும் சிரையையும் மெல்லிய உறைகள் போர்த்தியிருக்கின்றன. கணுக்கள் அவ்வுறைகளுக்கு வெளியே கொழுப்பில் கிடக்கின்றன. எனவே, வாழைத்தண்டின் பட்டையை உரிப்பதுபோல் உறையோடு கணுக்களை எடுத்துவிட்டு உள்ளிருப்பவற்றைக் காக்கலாம். நோய் அவற்றைப் பற்றியிருந்தால் மட்டும் இது இயலாது. இன்று நோய் இறங்கக்கூடிய பகுதிகளின் கணுக்களை மட்டும் எடுப்பதும் வழக்கம்.

கட்டி கைக்கே தட்டுப்படாதபோதும் கழுத்தை அறுக்க வேண்டுமா? இவ்வினாவுக்கு நம் நாடே விடை தந்தது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர், தொடக்கநிலை வாய்ப்புற்று உடைய 500 பேரின் ஆய்வு முடிவை 2015இல் வெளியிட்டனர். முதலிலேயே கணுக்களையும் எடுத்தவர்களில் 80 விழுக்காட்டினர் மூன்றாண்டு முடிவில் உயிரோடிருந்தனர். கட்டி தோன்றட்டும் எனக் காத்திருந்தவர்களில் 67.5 விழுக்காட்டினரே. விரலுக்குத் தென்படாத அக்கணுக்களை நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தபோது, பலரிடம் நோய் முன்னரே அங்கு வந்து குடியேறியிருந்தது.