மாடியில் கறிவேப்பிலை, பக்கத்தில் எலுமிச்சை... நடுவில் ஒரு குட்டிப் பூச்சி!

கொடுங்கையூர் முத்தமிழ் நகர், கண்ணதாசன் நகர் பக்கம் மொட்டை மாடிகளில் இந்த ஜோடியைப் பார்க்கலாம். பழைய பெயின்ட் வாளியில் ஒரு கறிவேப்பிலை, பக்கத்திலேயே டிரம்மில் ஓர் எலுமிச்சை. கறிவேப்பிலை தினமும் தாளிப்புக்கு உதவுகிறது. எலுமிச்சைதான் பிரச்னை. வாங்கி நாலு வருஷம் ஆகியும் காய் இல்லை, இலை திட்டுத் திட்டாக மஞ்சளாகிறது என்பது மாடித்தோட்டக்காரர்களின் வழக்கமான புலம்பல்.

இந்த ஏரியாவில் எது கெட்டாலும் பழி முதலில் குப்பைக் கிடங்கு மேல்தான் விழும். பல விஷயங்களில் அது நியாயமும்கூட. போர்வெல் உப்புத் தண்ணீர் எலுமிச்சைக்கு ஆகாது என்பதும் உண்மை. ஆனால், சில நேரம் குற்றவாளி வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதன் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர்தான்.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் தாவரவியல்படி ஒரே குடும்பம். நாரத்தை, ஆரஞ்சு, வில்வம் எல்லாமே சொந்தக்காரர்கள். இலையைக் கசக்கினால் வாசனை தூக்குவதற்குக் காரணம், இந்தக் குடும்பத்து இலைகளில் இருக்கும் நுண்ணிய எண்ணெய்ப் பைகள். ஓர் எலுமிச்சை இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், புள்ளி புள்ளியாகத் தெரியும்.

சொந்தக்காரர்கள் என்பதால் விருந்தாளியும் பொது. சிட்ரஸ் சில்லிட் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி, இரண்டின் இளந்தளிரிலும் முட்டையிட்டுப் பெருகும். வளர்ந்த பூச்சி, தலையைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி, சாய்ந்தபடி உட்கார்ந்திருக்கும். குஞ்சுகள் வெள்ளை மெழுகு நூலைச் சுருள் சுருளாக வெளியே தள்ளும். கறிவேப்பிலைக் கொழுந்தில் இதைப் பார்த்து ‘ஏதோ பூஞ்சை’ என்று கழுவிவிட்டவர்கள் நிறைய பேர் இருப்பார்கள்.

சாறு குடிப்பதோடு நின்றால் பரவாயில்லை. ‘சிட்ரஸ் கிரீனிங்’ என்ற நோயின் பாக்டீரியாவையும் இது மரத்துக்கு மரம் சுமந்து செல்கிறது. இலையில் தயாராகும் உணவை வேருக்குக் கொண்டுபோகும் குழாய்களில் அந்தக் கிருமி குடியேறிவிடும். இலையில் மாவுச்சத்து தேங்கும், வேர் பட்டினி கிடக்கும். காய் கோணலாகி, பழுக்க வேண்டிய நேரத்திலும் பச்சையாகவே நிற்கும். பெயர் வந்தது அதனால்தான். சீன மொழியில் இதற்கு ‘மஞ்சள் தளிர் நோய்’ என்று பெயர். நோய் முற்றிய மரத்தை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை.

ஆரஞ்சு மரம் சீக்கிரம் படுத்துவிடும். எலுமிச்சை ஓரளவு தாங்கும். அதுதான் சிக்கலே. வெளியே பெரிதாகக் காட்டிக்கொள்ளாமல் நோயைத் தனக்குள் வைத்திருக்கும். கறிவேப்பிலைக்கு இந்த நோய் தொற்றவில்லை என்று பிரேசில் ஆய்வு ஒன்று சொல்கிறது. பூச்சிக்கு அது வாடகை வீடு மட்டும்தான்.

இதை உலகுக்குச் சொன்னதில் நம் நாட்டு விஞ்ஞானிகளுக்குப் பங்கு உண்டு. இந்தியாவில் இந்த நோயைப் பரப்புவது சில்லிட்தான் என்று 1967-ல் கபூர், ராவ், விஸ்வநாத் ஆகியோர் எழுதினார்கள். தமிழ்நாட்டில் அடி வாங்கியது கீழ்ப்பழனி மலை. தாண்டிக்குடி வட்டாரத்தில் செழித்த கமலா ஆரஞ்சுத் தோட்டங்கள் சுருங்கியதற்கு இந்த நோயும், டிரிஸ்டிசா என்ற வைரஸும் முக்கியக் காரணங்கள்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா 2005-ல்தான் இந்த நோயைக் கண்டது. 2003-04 சீசனில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலம் அது. ஒரு பெட்டி சுமார் 40 கிலோ. 2023-24-ல் 2 கோடிப் பெட்டிகூடத் தேறவில்லை. புயல்களுக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும் பெரிய அடி இந்த நோய் கொடுத்ததுதான்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் 2009-ல் நடந்தது நம் வீட்டுக்கதை. இந்தியாவிலிருந்து வந்த ஒரு பையை மோப்ப நாய் பிடித்தது. உள்ளே இருந்தது போதைப்பொருள் அல்ல, கறிவேப்பிலை! இலையில் சில்லிட் குஞ்சுகள். சோதித்தால் அவற்றில் கிரீனிங் கிருமி. மகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் அம்மாவின் பெட்டியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக்கூட அதிகாரிகள் விடாததற்குக் காரணம் இதுதான்.

பூச்சிக்கு எதிரியும் இந்தத் துணைக்கண்டத்தில்தான் இருக்கிறது. டமாரிக்ஸியா என்ற மிகச் சிறிய குளவி, சில்லிட் குஞ்சின் அடியில் முட்டையிடும். பொரிந்து வரும் புழு அந்தக் குஞ்சையே தின்றுவிடும். பாகிஸ்தானின் பஞ்சாபிலிருந்து இதைக் கொண்டுபோய் 2011-ல் கலிஃபோர்னியாவில் விட்டார்கள். இங்கே சும்மா கிடைக்கும் அந்தக் குளவியைத்தான் நாம் கண்ட மருந்தையும் அடித்துக் கொல்கிறோம்.

நோயில்லாத கன்று தயாரிக்க ஒரு நுட்பமான வழியும் உண்டு. தளிரின் உச்சியில், மில்லிமீட்டரில் கால் பங்குகூட இல்லாத நுனிக்கு நோய்க்கிருமிகள் பொதுவாக எட்டியிருக்காது. அதை வெட்டி, சோதனைக்குழாயில் வளரும் நாற்றின் மேல் ஒட்டுகிறார்கள். நாக்பூரில் உள்ள மத்திய சிட்ரஸ் ஆராய்ச்சி நிலையம் இந்த முறையைப் பயன்படுத்துகிறது.

சரி, மாடியில் என்ன செய்வது? முதலில் மஞ்சள் இலை ஒன்றைப் பறித்து நடு நரம்பு நெடுக மடியுங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சள் என்றால் பெரும்பாலும் துத்தநாகம் போன்ற சத்துக் குறைதான், உரத்தில் சரியாகும். ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி திட்டு என்றால் கிரீனிங் சந்தேகம். உறுதி செய்ய, கொரோனா காலத்தில் கேள்விப்பட்ட அதே பிசிஆர் சோதனைதான் வேண்டும். (பறவை எச்சம் போலத் தெரியும் புழுவைப் பார்த்துப் பதற வேண்டாம். அது வண்ணத்துப்பூச்சியின் குழந்தை, நாலு இலை தின்னும், அவ்வளவுதான்.)

மழைக்குப் பின் தளிர் விடும் நாள்களில் கறிவேப்பிலைக் கொழுந்தையும் எலுமிச்சைக் கொழுந்தையும் வாரம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வெள்ளைச் சுருள் தெரிந்தால் அந்த நுனியைக் கிள்ளி, பையில் கட்டிப் போடுங்கள். மீதிக்கு வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் போதும். சமையலுக்குப் பறிக்கும் செடியில் ரசாயன மருந்து வேண்டவே வேண்டாம்.

பக்கத்து வீட்டு மரம் எவ்வளவு காய்த்தாலும் அதிலிருந்து பதியன் வாங்கும்முன் அதன் இலைகளைப் பாருங்கள். மரத்தில் நோய் இருந்தால் பதியனிலும் வரும். விதை மூலம் இந்த நோய் பரவுவதில்லை என்பதே பெரும்பாலான ஆய்வுகளின் முடிவு. ஆக, ரசத்துக்குப் பிழிந்த பழத்தின் விதையைத் தைரியமாக ஊன்றலாம். காய்க்கச் சில வருஷம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.