லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?

முதலில் ஒரு கணக்கு. நோட்டும் பென்சிலும் எடுக்காமல், சட்டென்று தோன்றுகிற பதிலைச் சொல்லுங்கள்.

ஒரே தெருவில் இரண்டு வீடுகள். முதல் வீட்டுக்காரர்கள் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த பெரிய வண்டியைக் கொடுத்துவிட்டு, 12 கிலோமீட்டர் ஓடும் வண்டி வாங்கினார்கள். இரண்டாம் வீட்டில் 15 கிலோமீட்டர் ஓடிய காரை மாற்றி, 25 ஓடும் சின்னக் கார் வாங்கினார்கள். இரண்டு வண்டிகளும் வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓடுகின்றன. பெட்ரோலை அதிகம் மிச்சம் பிடித்தது எந்த வீடு?

இரண்டாம் வீடு என்றுதானே சொல்ல வருகிறீர்கள்? முதல் வீட்டில் 4 கிலோமீட்டர்தான் கூடியது, இரண்டாம் வீட்டில் 10. நாலு எங்கே, பத்து எங்கே! சரி, இப்போது பென்சிலை எடுத்து வகுத்துப் பாருங்கள். முதல் வீட்டுக்கு முன்பெல்லாம் வருடத்துக்கு 1,500 லிட்டர் ஆனது, இப்போது 1,000. மிச்சம் 500 லிட்டர். இரண்டாம் வீட்டில் 800 லிட்டர் 480 ஆகியிருக்கிறது. மிச்சம் 320 லிட்டர்தான்.

இதில் தடுமாறுவது நீங்கள் மட்டுமில்லை. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் பெரியவர்களிடம் இதே மாதிரிக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார்கள். அவர்களும் இப்படித்தான் ஏமாந்தார்கள். 2008-ல் 'சயன்ஸ்' இதழில் அந்த ஆய்வு வெளிவந்தது. மைலேஜ் என்பது ஒரு லிட்டருக்கு எத்தனை தூரம் என்று சொல்கிறது. நம் பையிலிருந்து போவதோ லிட்டர். ஐரோப்பாவில் பல நாடுகளில் கணக்கைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள்: 100 கிலோமீட்டர் போக எத்தனை லிட்டர்? இப்படிக் கேட்டால் முதல் வீட்டில் பன்னிரண்டரையிலிருந்து எட்டேகாலுக்குக் கொஞ்சம் மேல், இரண்டாம் வீட்டில் ஆறே முக்காலுக்குச் சற்றுக் குறைவிலிருந்து நாலு. யாருக்கு அதிகம் குறைந்தது என்று பார்த்த உடனே தெரிகிறது.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பல வீடுகளில் இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. "ஏழு பேர் உட்காரும் வண்டியை வச்சுக்கிட்டு பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகலை. யானையைக் கட்டித் தீனி போட்ட கதையா இருக்கு. சின்ன வண்டியா மாத்திடலாமா?" பெரியவர்கள் பேசும்போது நடுவில் புகுந்தால் திட்டு விழும். ஆனால் கையில் கணக்கோடு புகுந்தால் கொஞ்சம் மரியாதை கிடைக்கும்.

முதலில், யானை தின்னும் தீனி எங்கேதான் போகிறது என்று பார்ப்போம்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 3 கோடியே 20 லட்சம் ஜூல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. அதில் முக்கால்வாசி வண்டியை நகர்த்தவே நகர்த்தாது. ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெறும் சூடாக வெளியே போய்விடும். ஓடி வந்து நின்ற காரின் பானெட் கொதிக்கிறதே, அது நாம் காசு கொடுத்து வாங்கிய சூடு. மீதிக் கால்வாசி, அதாவது சுமார் 80 லட்சம் ஜூல்தான் சக்கரத்துக்குக் கிடைக்கிறது. அதைப் பிடுங்கிக்கொள்ளப் பல பேர் காத்திருக்கிறார்கள்.

மிகப் பெரிய ஆள் யார் என்று உங்கள் சைக்கிளே சொல்லும். ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் தம்பியையோ தங்கையையோ கேரியரில் உட்காரவைத்து, நிற்காமல் ஒரு ரவுண்டு போய் வாருங்கள். பிறகு அதே தெருவில் ஒவ்வொரு லைட் கம்பத்திலும் பிரேக் பிடித்து, நின்று, மறுபடி மிதியுங்கள். இரண்டாம் ரவுண்டில் தொடை கழன்றுவிடும். தூரம் அதேதான், பாரமும் அதேதான். நின்றிருக்கும் ஒரு பொருளை வேகம் எடுக்கவைக்க ஆற்றல் வேண்டும். பிரேக் பிடித்தால் அந்த ஆற்றல் எல்லாம் பிரேக் கட்டையில் சூடாகி வீணாகிறது. மறுபடி கிளம்ப, மறுபடி செலவு.

எவ்வளவு செலவு? எடையில் பாதியை எடுத்து, வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, இரண்டையும் பெருக்க வேண்டும். ஆட்களையும் சேர்த்து 2,000 கிலோ எடையுள்ள பெரிய வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது நொடிக்கு 10 மீட்டர். 1,000 × 10 × 10 = 1 லட்சம் ஜூல். சக்கரத்துக்குக் கிடைப்பது லிட்டருக்கு 80 லட்சம் ஜூல் என்றால், இது 80-ல் ஒரு பங்கு லிட்டர். பன்னிரண்டரை மில்லி. மருந்து பாட்டிலோடு தரும் 5 மில்லி ஸ்பூனால் அளந்தால் இரண்டரை ஸ்பூன். ஒவ்வொரு சிக்னலிலும், ஒவ்வொரு வேகத்தடையிலும், குறுக்கே ஓடிவரும் ஒவ்வொரு நாய்க்கும் இரண்டரை ஸ்பூன் பெட்ரோலை ரோட்டில் ஊற்றுகிறோம். 1,000 கிலோ எடையுள்ள சின்னக் கார் ஊற்றுவது ஒன்றேகால் ஸ்பூன். வேகம் இரட்டிப்பாகி 72 கிலோமீட்டரில் போய் நின்றால் செலவு நாலு மடங்கு. பெரிய வண்டிக்குப் பத்து ஸ்பூன்!

ஆகவே டவுனுக்குள் எடைதான் எமன். உங்கள் வண்டியின் எடையைத் தெரிந்துகொள்ள ஆர்.சி.யை வாங்கிப் பாருங்கள், ஆள் ஏறாத வெறும் வண்டியின் எடை அதில் கிலோவில் இருக்கும். டயரும் எடையைப் பார்த்துத்தான் தீனி கேட்கும். ரோட்டைத் தொடும் இடத்தில் ரப்பர் நசுங்கி நசுங்கி விரிவதில் சூடாகிறது. காற்று குறைந்த டயர் இன்னும் அதிகமாக நசுங்கும். காற்று பிடிக்கச் சோம்பல்பட்டால் தண்டம் பெட்ரோலில் போகும்.

நாலுவழிச் சாலைக்குப் போய்விட்டால் கதை மாறிவிடுகிறது. அங்கே அடிக்கடி நிற்பதில்லை. எதிரே நிற்பது காற்று. காற்று உங்கள் எடையைக் கேட்காது. முகம் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், மூக்கு வழவழப்பாக இருக்கிறதா, சப்பையாக இருக்கிறதா என்றுதான் பார்க்கும். வேகம் இரட்டித்தால் காற்று தடுக்கும் விசை நாலு மடங்காகும். 80-ல் போகிறவர் 100-க்கு ஏறினால் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். கூரையில் சும்மா கிடக்கும் கேரியரும் இந்தக் கணக்கில் சேரும்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தர மறுத்தபோது, சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறக்குறைய நாலு மடங்கானது. படகு மாதிரி நீண்ட கார்களை ஓட்டிப் பழகிய அமெரிக்கர்கள் பங்க்குகளில் வரிசை கட்டி நின்றார்கள். பலர் ஜப்பானின் சின்னக் கார்கள் பக்கம் திரும்பியது அந்தச் சமயத்தில்தான். ஆனால் ஊரே ஒரே நாளில் காரை மாற்றிவிட முடியுமா? அதனால் அரசு 1974-ல் நாடு முழுவதும் வேகத்தை மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று கட்டிப்போட்டது. வண்டியை மாற்றாமலே காற்றின் பங்கைக் குறைக்கும் வழி அது. நம் நாட்டில் வண்டி சின்னதானது வேறு விதமாக. கனத்த அம்பாசடர் ஓடிக்கொண்டிருந்த ரோட்டில் 1983 டிசம்பரில் மாருதி 800 இறங்கியது. 796 சிசி, மூன்றே சிலிண்டர், எடையோ அம்பாசடரைவிட நூற்றுக்கணக்கான கிலோ குறைவு. 'இதெல்லாம் ஒரு காரா' என்று சிரித்தவர்களும் பிறகு வாங்கினார்கள்.

இன்றைக்குக் கடைகளில் கண்ணைப் பறிப்பவை உயரமான குட்டி எஸ்.யூ.வி.க்கள். நாலு மீட்டருக்குள் நீளமும் சின்ன எஞ்சினும் இருந்தால் வரி குறைவு என்று 2006-ல் ஒரு விதி வந்தது. அதனால் பலவற்றை நாலு மீட்டருக்குள் வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் காற்று முகத்தைத்தான் பார்க்கும் என்றேனே. நீளத்தில் சின்னது என்பதை மட்டும் பார்த்துக் கார் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

விளம்பரத்தில் போட்டிருக்கும் மைலேஜையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அது பொய்யில்லை, ஆனால் ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மேல் வண்டியை நிறுத்தி, ஏ.சி. போடாமல், குறித்த வேகங்களில் ஓட்டி எடுத்த எண். நம் ஊர்க் குழிக்கும் மே மாத வெயிலுக்கும் அங்கே இடமில்லை. உண்மை எண் வேண்டுமென்றால் டேங்க் ஃபுல் செய்து கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே பங்க்கில் மறுபடி ஃபுல் செய்யும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்த்தால் போதும். வாங்கப்போகிற வண்டிக்கு, அதே வண்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணனைக் கேட்கலாம். ஆனால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

பெரிய வண்டி டீசல், சின்ன வண்டி பெட்ரோல் என்றால் இன்னொரு சங்கதி உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோகூட இராது, 740 கிராம்தான். அது எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வருகிறது. முக்கால் கிலோவுக்குள்ளிருந்து இரண்டேகால் கிலோவுக்கும் மேல் எப்படி வரும்? பெட்ரோலில் இருக்கும் ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்ஸிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. கார்பன் எடை 12, இரண்டு ஆக்ஸிஜன் 32. ஆக 12 என்பது 44 ஆகிவிடுகிறது. டீசல் இன்னும் அடர்த்தியானது, ஒரு லிட்டருக்கு சுமார் 2.7 கிலோ. ஆகவே டீசலில் 20 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியும் பெட்ரோலில் 17 கொடுக்கும் வண்டியும் காற்றில் விடுவது கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.

சரி, மாற்றலாமா வேண்டாமா? வீட்டு வண்டி லிட்டருக்கு 10, பார்த்து வைத்திருக்கும் சின்னக் கார் 18 என்று வைப்போம், இரண்டும் பெட்ரோல், லிட்டர் 100 ரூபாய். வருடம் 10,000 கிலோமீட்டர் ஓடும் வீட்டில் 1,000 லிட்டர் என்பது 555 லிட்டராகும். 44,500 ரூபாய் மிச்சம். கார்பன் டை ஆக்ஸைடில் ஒரு டன் குறையும், ஏறக்குறைய அந்தச் சின்னக் காரின் எடை! வண்டியை மாற்றக் கையிலிருந்து 2 லட்சம் போட வேண்டியிருந்தால், நாலரை வருடத்தில் வசூல். ஆனால் வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றால் மிச்சம் 13,300 ரூபாய்தான். போட்ட பணம் திரும்ப 15 வருடம் ஆகும். 15 வருடம் என்றால் ஆர்.சி.யையே புதுப்பிக்க வேண்டிய காலம். அப்படிப்பட்ட வீட்டில் பழைய வண்டியின் டயருக்குக் காற்றைப் பிடித்து நிதானமாக ஓட்டிக்கொண்டிருப்பதே லாபம்.

அடுத்து, யார் யார் ஏறுகிறார்கள் என்பது. குலதெய்வம் கோயிலுக்குத் தாத்தா, அப்பத்தா, அத்தை என்று ஏழு பேரும் பொங்கல் பானையும் விறகுமாகக் கிளம்பினால், 100 கிலோமீட்டருக்குப் பெரிய வண்டி 10 லிட்டர் குடிக்கும். அதே ஏழு பேருக்குச் சின்னக் கார் இரண்டு வேண்டும், 11 லிட்டருக்கு மேல். அன்றைக்குப் பெரிய வண்டிதான் ஜெயிக்கிறது! ஆனால் அந்தப் பயணம் ஆடிக்கு ஒருமுறை, அமாவாசைக்கு ஒருமுறை. மற்ற நாளெல்லாம் அப்பாவும் நீங்களும் மட்டும் போகிறீர்கள், பின்னால் நாலைந்து காலி சீட்டுகளும் கூடவே சவாரி வருகின்றன. கோயிலுக்குப் போகும் நாளுக்கு மட்டும் வேன் வாடகைக்குப் பிடித்துக்கொள்ளலாமே என்று கேட்டுப் பாருங்கள். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி இருந்தால், தாழ்வான காரில் குனிந்து ஏறி இறங்க முடியுமா என்பதை அவரை உட்காரவைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இதற்குச் சூத்திரம் கிடையாது.

ஒன்றை மறைக்கக் கூடாது. கனமான வண்டியும் லேசான வண்டியும் மோதினால் லேசானதுதான் அதிகம் தூக்கி எறியப்படும், இயற்பியல் அப்படி. அதனால் சின்னது வாங்கும்போது மைலேஜுக்கு முன்னால் விபத்துச் சோதனையில் எத்தனை நட்சத்திரம் என்று பார்க்க வேண்டும். 2023 முதல் நம் நாட்டிலேயே 'பாரத் என்கேப்' என்ற பெயரில் அந்தச் சோதனை நடக்கிறது.

கடைசியாக, உங்களில் யாராவது கேட்காமல் இருக்க மாட்டீர்கள்: "நாம வித்த பெரிய வண்டி சும்மாவா நிக்கும்? வாங்கினவர் ஓட்டத்தானே செய்வார்?" ஓட்டத்தான் செய்வார். நம் வீட்டுச் செலவு குறையும், அந்தப் புகை இன்னொரு தெருவுக்குக் குடிபோகும். வாங்கியவர் தனியாளாக ஆபீஸ் போனால் காற்றுக்கு லாபம் அதிகமில்லை. தினமும் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறவர் வாங்கினால், 100 கிலோமீட்டருக்கு ஆளுக்கு ஒன்றரை லிட்டர்கூட ஆகாது. நம் புதுச் சின்னக் காரில் அப்பா மட்டும் போனால் அதே தூரத்துக்கு ஐந்தரை லிட்டர். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடி, 50 பேரை ஏற்றிச் செல்லும் டவுன் பஸ்ஸுக்கு ஆளுக்கு எத்தனை லிட்டர் என்று நீங்களே போட்டு, அப்பாவிடம் காட்டுங்கள்.