பாண்டி மாடியில் எப்போது விதைப்பது?

என் சித்தப்பா பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறார். தோட்டம் இல்லாத வீட்டுக்காரர்களுக்கு அங்கே ஊர் ஓரத்தில் ஆளுக்கொரு துண்டு நிலம் குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது. 1896-இல் லெமிர் என்ற பாதிரியார் தொழிலாளர் குடும்பங்களுக்காகத் தொடங்கிய இயக்கத்தின் வழி வந்த ஏற்பாடு அது. 2024 மார்ச்சில் போன் செய்தவர், "இங்க எல்லாரும் விதை போட ஆரம்பிச்சாச்சு, நீயும் மாடியில போடேன்" என்றார். முத்தியால்பேட்டையில் எங்களுக்கு இருப்பது மொட்டைமாடி மட்டும்தான். பத்து குரோ பேக் வாங்கி, தக்காளியும் கத்தரியும் வைத்தேன்.

தக்காளி நன்றாக வளர்ந்தது, கொத்துக் கொத்தாகப் பூத்தது. மே மாதத்தில் அத்தனை பூவும் காம்போடு உதிர்ந்தது. உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் உரம் போட்டேன். அது தவறு. இரவிலும் வெப்பம் தணியாவிட்டால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும், பிஞ்சு பிடிக்காது. மே மாதத்தில் புதுச்சேரியின் இரவு வெப்பம் சுமார் 27 டிகிரி. எந்த உரமும் அதற்கு மருந்தாகாது. பிரான்சில் மார்ச் என்பது குளிர் விலகும் நேரம். நமக்கு அது பட்டம் முடிந்து வெயில் ஏறும் நேரம்.

நம் தோட்டத்துக்கு வருடப் பிறப்பு ஆடி. ஜூலை பாதியில் சாயங்கால இடிமழை எட்டிப் பார்க்கும், வெயிலின் கடுமை குறையத் தொடங்கும். அப்போது விதைத்தால் ஐப்பசி அடைமழைக்குள் செடி வேர் பிடித்து நிமிர்ந்துவிடும். செம்மண், ஊறவைத்து அலசிய தென்னை நார்க்கழிவு, தொழு உரம் மூன்றும் சம பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. மண் கலவைக்கு இது போதும். நார்க்கழிவை அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பே நாற்றைக் கருக்கிவிடும்.

முதல் வருடக்காரர்களுக்கு வெண்டையைப் போல் கைகொடுக்கும் செடி வேறில்லை. இரவு ஊறவைத்து ஊன்றினால் நாலைந்து நாளில் முளை தலைகாட்டும். 45 நாளில் காய். மார்க்கெட்டில் செய்வது போல நுனியை ஒடித்துப் பாருங்கள். ஒடியாவிட்டால் இரண்டு நாள் தாமதித்துவிட்டீர்கள்.

பீர்க்கன்தான் எனக்குப் பாடம் நடத்தியது. கொடி பந்தல் ஏறியதும் பூவாய்ப் பூத்துக் கொட்டியது, ஒரு காயும் இல்லை. முதலில் வருபவை ஆண் பூக்கள் என்று அப்போது தெரியாது. சில நாள் கழித்துத் தனித்தனியாக வரும் பெண் பூவின் அடியில் சுண்டு விரல் அளவுக்கு ஒரு குட்டிப் பீர்க்கங்காய் இருக்கும், அதுதான் அடையாளம். பீர்க்கன் பூ மாலையில்தான் விரியும். மாடியில் வண்டு வரத்தும் குறைவு. அதனால் ஆறு மணிக்கு மேலே போய், ஓர் ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினேன். மூன்றாம் நாள் பார்த்தால் பிஞ்சு தலை கவிழ்ந்து நீள ஆரம்பித்திருந்தது. தொடாமல் விட்ட இன்னொன்று பழுத்துச் சுருங்கியது. அன்று முதல் மாலை ஆறு மணி எனக்குப் பீர்க்கன் நேரம்.

புதுச்சேரிக்கு ஆண்டுக்குச் சுமார் 1,300 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடும். பலருடைய தோட்டம் முடிந்துபோவது இந்த மூன்று மாதத்தில்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்கருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பந்தல் சாய்ந்தது பெரிதில்லை. தரையோடு தரையாக வைத்த பைகளில் ஓட்டை அடைத்துக்கொண்டு தண்ணீர் நின்றதுதான் கேடு. மண்ணின் இடைவெளியெல்லாம் நீர் நிரம்பினால் வேருக்குக் காற்றில்லை, அழுகிவிடும். செங்கல் மேல் தூக்கி வைத்திருந்த நாலு பைகள் தப்பின. இப்போது எல்லாப் பையும் செங்கல் மேல்தான், பக்கவாட்டிலும் ஓட்டை போட்டிருக்கிறேன். புயல் எச்சரிக்கை வந்தால் கைப்பிடிச் சுவரை ஒட்டி நெருக்கி வைத்துவிடுவேன். மழை விட்டதும் இலை வெளுத்தால் பயப்பட வேண்டாம். சத்து கரைந்து ஓடியிருக்கும். ஒரு பிடி மண்புழு உரம் போடுங்கள்.

மார்கழி, தை, மாசி மூன்றும் பொன்னான மாதங்கள். மே மாதத்தில் ஏமாற்றிய தக்காளியை ஐப்பசியில் மழை படாத இடத்தில் நாற்றுவிட்டு, கார்த்திகைக் கடைசியில் நட்டேன். மாசியில் பழம் பறித்தோம். ஆடியில் போட்ட அவரை பகல் குறுகிய பிறகுதான் பூத்தது. பூங்கொத்தில் கறுப்பாக அசுவினி அப்பினால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அதற்கும் போகாவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல்.

பங்குனி முதல் ஆனி வரை நிழல்வலைக்கடியில் கீரை மட்டும் போடுகிறேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. கோடையில் பையின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் உப்பு மண்ணிலேயே தங்கிவிடும், அடியில் வடியும்வரை ஊற்ற வேண்டும். மழைநீர் பிடித்து வைக்க முடிந்தால் நாற்றுக்கு அதையே கொடுங்கள்.

ஆடி முதல் தேதி ஜூலை 17 வாக்கில் வரும். இரண்டு வாரம் முன்னதாகவே மண்ணைக் கலந்து வைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் குரும்பாப்பட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் போய்க் கேளுங்கள். முதல் வருடத்துக்கு ஐந்து பை போதும். மூன்றில் வெண்டை, ஒன்றில் கத்தரி, ஒன்றில் பீர்க்கன். தக்காளியைக் கார்த்திகைக்குத் தள்ளி வையுங்கள்.