ஓடிய வண்டி, ஓடாத மீட்டர்

ஏழு வருடம் காய்கறி லோடு அடித்த குட்டி யானை. மீட்டரில் 68,000 கிலோமீட்டர். புரோக்கர் முதலில் காட்டுவது அந்த எண்ணைத்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளைக்கு 100 கிலோமீட்டர், வருடத்துக்கு 280 நாள் என்று வைத்தாலே 28,000 வருகிறது. ஏழு வருடத்துக்கு ஏறக்குறைய 2 லட்சம். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு இது அதிகமான ஓட்டமே இல்லை. அப்படியானால் மீதி கிலோமீட்டர் எங்கே போனது?

டிஜிட்டல் மீட்டரின் எண்ணைக் குறைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். பழைய வண்டிகளில் மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டே மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். இதற்காக அதிகம் ஓடிய வண்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. டாடா ஏஸ், தோஸ்த், பொலேரோ பிக்கப் எதுவானாலும் ஆயில் நேரத்துக்கு மாற்றி, அளவோடு லோடு ஏற்றிய டீசல் வண்டி 2 லட்சம் தாண்டியும் சம்பாதித்துக் கொடுக்கும். முதல் வண்டியாக அதைத்தான் பலரால் வாங்கவும் முடியும். 2 லட்சம் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறவரிடம் தைரியமாகப் பேரம் பேசலாம். 68,000 என்று காட்டும் வண்டியில் வேறு எதையெல்லாம் மறைத்திருக்கிறார்கள் என்று நாம்தான் தேட வேண்டும்.

அந்தத் தேடலை மெக்கானிக்கிடம் தொடங்குவதுதான் நம் வழக்கம். நான் பேப்பரில் தொடங்கச் சொல்வேன். இன்ஜின் கெட்டால் செலவோடு போகும். பேப்பர் கெட்டிருந்தால் வண்டியே போய்விடும்.

பேப்பரில் இருக்கும் கண்ணிகள்

ஆர்.சி.யில் இருக்கும் பெயரும் வண்டியை விற்க வந்திருப்பவரும் ஒருவர்தானா? செகண்ட் ஹேண்ட் சந்தையில் பாதிப் பிரச்சினை இங்கே பிறக்கிறது. முதல் உரிமையாளர் படிவம் 29, 30 இரண்டிலும் வெற்றுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். அந்தத் தாள்களோடு வண்டி இரண்டு மூன்று கை மாறியிருக்கும். ‘ஓப்பன் பேப்பர், நீங்க எப்ப வேணா பேர் மாத்திக்கலாம்’ என்பார்கள். இதற்கிடையே முதல் உரிமையாளர் இறந்துபோயிருந்தால் அந்தக் கையெழுத்தை வைத்துப் பெயர் மாற்ற முடியாது. வாரிசுகளைத் தேடிப் போக வேண்டும். உயிரோடு இருந்தாலும், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வரச் சொன்னால் ‘அந்த வண்டியை நான் எப்பவோ கொடுத்துட்டேனே’ என்று போனை வைத்துவிடலாம். ஆர்.சி.யில் உள்ளவரை நேரில் பார்க்காமல், அவருடைய அடையாள அட்டையைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது கடன். ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் ஏறியிருந்தால், அந்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதமில்லாமல் பெயர் மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆம் பிரிவு. ‘டியூ எல்லாம் கட்டியாச்சு’ என்ற வாய்ச்சொல் போதாது. நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கையில் வர வேண்டும். அடமானப் பதிவு நீங்கியதை எம்-பரிவாகன் செயலியில் கண்ணால் பார்க்க வேண்டும். மீதி டியூவை நீங்கள் கட்டிக்கொள்வதாகப் பேசி வண்டியை எடுத்து வருவது இன்னும் மோசம். மாதாமாதம் நீங்கள் கட்டினாலும் கடன்காரர் பழைய ஆள்தான். அவர் அதே நிறுவனத்தில் வேறு கடன் வைத்திருந்து, ஒப்பந்தம் அதையும் இதோடு கோத்திருந்தால், உங்கள் வாசலுக்கும் சீசிங் ஆள் வரலாம். கடனை வசூலிக்க அடியாட்களை அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இலேயே கண்டித்திருக்கிறது. மிரட்டிப் பறித்தால் போலீசில் புகார் கொடுக்கலாம். ஆனால் வண்டியின் மேல் உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்டால், காட்டுவதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது.

அதே செயலியில் எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி எதுவரை இருக்கிறது என்பதும் தெரியும். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதற்குப் பிறகு வருடா வருடமும் எஃப்.சி. காட்ட வேண்டும். எஃப்.சி. முடிந்த வண்டியைப் பதிவே இல்லாத வண்டியாகத்தான் சட்டம் பார்க்கிறது. ‘எஃப்.சி. மட்டும் காட்டணும், சின்ன வேலைதான்’ என்று சொன்னால், காட்டிவிட்டே விற்கச் சொல்லுங்கள். வெல்டிங், பெயின்ட், டயர், பிரேக் என்று அந்தச் சின்ன வேலை எங்கே போய் நிற்கும் என்பது அதைச் செய்தவருக்குத்தான் தெரியும். பசுமை வரி பாக்கி, இ-சலான் நிலுவை இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். நிலுவை இருந்தால் பெயர் மாற்றம் நின்றுவிடக்கூடும். வண்டியின் மொத்த எடை, அதாவது வண்டியும் லோடும் சேர்ந்து, 3,000 கிலோவைத் தாண்டாவிட்டால் பெர்மிட் தேவையில்லை. தாண்டினால் பெர்மிட்டையும் மாற்ற வேண்டும். கார் ஓட்டும் லைசென்ஸை வைத்து இதை ஓட்டலாமா என்று பலர் கேட்பார்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது.

சேஸிஸ் நம்பரைக் கையால் தொட்டுப் பாருங்கள். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் தாளில் ஏறும். ஏதாவது ஒரு எழுத்து மட்டும் ஆழமாகவோ கோணலாகவோ வந்தாலும், அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தாலும், விலையைப் பற்றிப் பேசாமல் கிளம்பிவிடலாம்.

என்ன சுமந்தது?

கிலோமீட்டரைவிட வண்டியை அதிகம் தின்பது ஓவர்லோடு. தண்ணீர் கேன் போட்ட வண்டியும் செங்கல் அடித்த வண்டியும் ஒரே தூரம் ஓடியிருந்தாலும் ஒன்றல்ல. பின்பக்கம் குனிந்து ஸ்பிரிங் பட்டையை எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததைவிட ஒன்றிரண்டு கூடுதலாகச் சொருகியிருந்தால் அது கனமான லோடுக்கு வளர்ந்த வண்டி. காலியாக நிற்கும்போதே பட்டை நேராகப் படுத்துக் கிடந்தாலும் அதே கதைதான். பிறகு பட்டை மாட்டியிருக்கும் பிராக்கெட்டைச் சுற்றி சேஸிஸில் விரிசலோ வெல்டிங்கோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முழுச் சேஸிஸுக்கும் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தால், எதை மூடுவதற்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கடற்கரை ஊர் வண்டியில் இன்னொரு வில்லங்கம் உண்டு. மீன் லோடு ஏற்றிய வண்டியில் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீராக லோடு பாடியின் இடுக்கு வழியே சேஸிஸில் சொட்டிக்கொண்டே இருந்திருக்கும். மேலே தகடு புதிதாக இருக்கும். கீழே குறுக்குச் சட்டத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் துரு பொருக்குப் பொருக்காக உதிரும். சில இடத்தில் முனை உள்ளேயே இறங்கிவிடும். கேபினில் தரை மேட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். எத்தனை முறை வாட்டர் வாஷ் செய்தாலும் மீன் வாடை லேசில் போவதில்லை.

இன்ஜினைப் பார்க்க, போன் செய்துவிட்டுக் காலையிலேயே போங்கள். பானட் மேல் கை வைத்தால் ஜில்லென்று இருக்க வேண்டும். நீங்கள் வரும் முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், குளிரில் அது எடுக்கவில்லை என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. ஸ்டார்ட் ஆனதும் நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறதா, ஹெட் கேஸ்கட் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரும்புகை என்றால் நாசில், பம்ப், ஏர் ஃபில்டர் பக்கம் பார்வை போகட்டும். ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து லேசாக மேலே வையுங்கள். கொஞ்சம் ஆவி வரும், பரவாயில்லை. மூடியைத் தள்ளிவிடும் அளவுக்குக் காற்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ரீபோர் செலவை இப்போதே விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி, சென்சார் என்று புதுச் செலவுகள் பல சேர்ந்திருக்கின்றன. சாவியைத் திருப்பியதும் செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லை என்றால் கோளாறு தெரியாமலிருக்க விளக்கையே பிடுங்கியிருக்கலாம்.

காலி வண்டி யார் ஓட்டினாலும் நன்றாகத்தான் போகும். நாலைந்து மூட்டையாவது ஏற்றி ஒரு மேம்பாலம் ஏறிப் பாருங்கள். கிளட்ச் வழுக்குவது, கியர் தானாக நியூட்ரலுக்கு வந்து விழுவது, பின்னால் கிரவுன் ஊளையிடுவது எல்லாம் அந்த ஏற்றத்தில் தெரிந்துவிடும்.

மீட்டர் பொய்யா என்று கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி விட்ட ஒவ்வொரு முறையும் கிலோமீட்டரைக் குறித்திருப்பார்கள். உரிமையாளரையே கூட்டிப்போய் அந்தப் பட்டியலைக் கேளுங்கள். இன்சூரன்ஸ் விட்டுப்போய் மறுபடி எடுத்திருந்தால், அப்போதைய ஆய்வுப் படத்தில் மீட்டர் இருக்கும். கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால் எதை நம்புவது என்று உங்களுக்கே தெரியும்.

பணம் கை மாறும் நாள்

ஆன்லைனில் பாதி விலைக்கு வண்டியைப் போட்டு, ராணுவத்தில் இருப்பதாகவும் மாற்றலாகிப் போவதாகவும் சொல்லி டோக்கன் கேட்பது பழைய மோசடி, இன்னும் நடக்கிறது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்க பணத்தை முடக்கும் வாய்ப்பு குறையும்.

நேரில் வாங்கும்போது பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது. ஒரு தொகையைப் பெயர் மாறும்வரை நிறுத்தி வைப்பதாக முன்கூட்டியே பேசுங்கள். ஒப்பந்தத்தில் அன்றைய மீட்டர் எண், பெரிய விபத்து நடந்ததா இல்லையா, தெரிந்த கோளாறுகள், டெலிவரி நேரம் வரையுள்ள அபராதமும் வழக்கும் விற்பவர் பொறுப்பு என்பது எல்லாம் எழுத்தில் வரட்டும். ‘நம்ம ஆளுதானே’ என்று இதை விட்டுவிடுகிறவர்கள்தான் பிறகு வக்கீலிடம் வாய்வழிப் பேச்சை விவரித்துக்கொண்டிருப்பார்கள்.

கன்சல்டிங்கில் வாங்கினால், அவர்கள் பதிவு பெற்ற டீலரா என்று கேளுங்கள். பழைய வண்டி விற்கும் டீலர்கள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நிதி நிறுவன யார்டில் ஏலம் எடுத்தால், ‘இருப்பது இருக்கிற நிலையில்’ என்ற வாசகத்தோடுதான் கொடுப்பார்கள்; வரி பாக்கி, எஃப்.சி. எல்லாம் உங்கள் தலையில். பறிமுதல் செய்த வண்டிக்கு படிவம் 36 வழியாகப் புது ஆர்.சி. எடுத்தாயிற்றா என்பதை ஏலத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

வாங்கிய பிறகு, உள்ளூர் வண்டியென்றால் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் மாற்றக் கேளுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு தானாக உங்களோடு வரும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸும் அவருக்கே உரியது.

ஏமாந்துவிட்டால்

வாடகைக்கு ஓட்டும் வண்டி வணிக நோக்கம், நுகர்வோர் நீதிமன்றம் ஏற்காது என்று கன்சல்டிங்காரர் சொல்லக்கூடும். முழு உண்மை அதுவல்ல. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கினால் நீங்கள் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவரை உதாரணமாகவே காட்டி 1995இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொள்வதால் அந்தத் தகுதி போய்விடாது. நான்கு வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டினால் கதை வேறு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். சரிவராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். வண்டியின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

வியாபாரியாக இல்லாத தனிநபரிடம் வாங்கியிருந்தால் அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது; உரிமையியல் நீதிமன்றம்தான். அங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. விபத்தைச் சொல்லாமல் மறைத்தார் என்று நீங்கள் சொன்னால், சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்காதா என்று 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு திருப்பிக் கேட்கும். மீட்டரைத் திருத்துவது அப்படியல்ல. அது மௌனம் இல்லை, செய்த மோசடி. திருத்தியவர் யாரென்று காட்ட முடிந்தால் பாரதிய நியாய சம்ஹிதையின் 318ஆம் பிரிவில் குற்றப் புகாரும் கொடுக்கலாம். சர்வீஸ் பட்டியல், ஒப்பந்தத்தில் எழுதிய மீட்டர் எண், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் இவைதான் அப்போது பேசும்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. வண்டி போய்விட்டது, பணம் வந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து இழப்பீடும் அவர் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கில் வண்டி விபத்துக்கு முன்பே பல கை மாறியிருந்தது. விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. நாள், நேரம் போட்ட டெலிவரி ரசீதில் வாங்கியவரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, பெயர் மாறிவிட்டதா என்று செயலியில் உங்கள் பழைய வண்டி எண்ணை அடிக்கடி தட்டிப் பாருங்கள்.