நாடாவின் இரண்டு கரைகள்

பல்லேகல கைத்தொழில் பேட்டையில் உடுப்புத் தைக்கிற உங்களுக்குத் தெரியாததா தங்கச்சி? ரீசேட்டின் தோளுக்குள் ஒரு ஒடுங்கிய நாடா ஓடாவிட்டால், நாலு சலவையில் தோள் இழுபட்டுவிடும். தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு உட்காருங்க, அந்த நாடா வந்த வழியைச் சொல்கிறேன்.

அகலத் துணியைக் கீற்றுக் கீற்றாக வெட்டினால் நாடா ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது, வெட்டின ஓரத்தில் நூல் பிரியும். ஊடை நூல் ஒவ்வொரு தடவையும் இரண்டு கரையிலும் திரும்பி வந்தால்தான் அது நாடா. ஆனால் விரலகல நெசவுக்கு ஒரு தறி, ஒரு ஆள் என்றால் யாருக்குக் கட்டுப்படியாகும்? ஒரு ஆள் தரையில் உட்கார்ந்து கையால் நெய்தால் எவ்வளவு பொறுமை வேண்டுமென்று பார்க்க, பக்கத்தில் குண்டசாலை ஹேனவலவுக்குப் போங்க. அங்கே செடி நாரில் நெய்கிற தும்பறைப் பாயை 2021இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

ஒரு நாடாவுக்கு ஒரு ஆள் என்ற சிக்கலைத் தீர்த்தது ஒல்லாந்தர் தறி. ஒரே சட்டத்தில் பத்துப் பன்னிரண்டு நாடாக்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பாவு, தனிக் குட்டி ஓடம். நெசவாளி ஒரு கட்டையை அசைத்தால் எல்லா ஓடமும் சேர்ந்து நகரும். பலர் பார்த்த வேலையை ஒருவர் பார்த்தால் மற்றவர்கள் கொதிக்காமல் இருப்பார்களா? 1675இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் இறங்கி அந்தத் தறிகளை எரித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது என்றுதான் நான் சொல்வேன்.

இருந்தும் தறி நிலைத்தது. 1747இல் ஜோன் பிலிப்ஸ், நதானியல் பிலிப்ஸ் என்ற சகோதரர்கள் ஸ்டாஃபர்ட்ஷயரின் டீன் கிராமத்தில் நாடாத் தொழிலைத் தொடங்கினார்கள். ஜே. அன்ட் என். பிலிப்ஸ் கம்பெனி அப்படித்தான் வளர்ந்தது. பக்கத்துச் சீடில் ஊரில் இன்றும் ஒரு வீதிக்கு டேப் ஸ்ட்ரீட் என்று பெயர். 1832இல் மான்செஸ்டரின் முதல் இரண்டு பாராளுமன்ற உறுப்பினர்களில் ஒருவரான மார்க் பிலிப்ஸ் இந்தக் குடும்பத்தவர். வரலாற்றாசிரியர் ஜி. எம். ட்ரெவெல்யனின் தாயும் இந்த வீட்டுப் பெண்தான். விரலகல நாடா கொடுத்த செல்வாக்கு அது!

இன்னொன்று: 1745இலேயே ஜோன் கேயும் ஜோசப் ஸ்டெல்லும் நாடாத் தறியைத் தண்ணீர்ச் சக்தியாலும் ஓட்டலாம் என்று காப்புரிமை எடுத்துவிட்டார்கள். அகலத் துணிக்கு கார்ட்ரைட்டின் விசைத்தறி வந்ததோ 1785இல். இயந்திர நெசவின் கதையைப் பெரிய துணியிலிருந்து தொடங்குகிறவர்கள் அதன் முதல் நாற்பது வருடத்தை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது பெரும்பாலான நாடாத் தறிகளில் ஓடமும் போய்விட்டது. உங்க பையில் கிடக்கிற நாடாத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. ஒரு கரை மழமழவென்று இருக்கும், மறு கரையில் பொடிச் சங்கிலிப் பின்னல் தெரியும். வளைந்த ஊசி ஒன்று ஊடையை இரட்டை நூலாகக் கொண்டுபோக, மறுபக்கத்துக் கொக்கி ஊசி அதைப் பின்னிப் பிடிக்கிறது. அந்தப் பின்னலைச் சரியான முனையிலிருந்து இழுத்தால் சரசரவென்று பிரிந்துவிடும். அதைத் தடுக்கத்தான் சில தறிகளில் ஒரு பூட்டு நூலையும் சேர்த்துப் பின்னுகிறார்கள். வெட்டின முனையை வெளியே விடாமல் தையலுக்குள் அடக்கச் சொல்வதும் அதனால்தான்.